ரயில் சக்கரம் வட்டமாகத் தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை விடுமுறையில் ஊர்ப்புற நூலகங்களில் பிள்ளைகளுக்கு மௌனப் படங்களைத் திரையிடலாம் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த யோசனை நல்ல யோசனை. அமெரிக்க நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் 'தி ஜெனரல்' என்ற ரயில் படத்தை முதலில் சொன்னது, ரயில் பார்த்து வளர்ந்த எங்கள் பக்கத்துக்கு இன்னும் பொருத்தம். ஆனால் அந்தக் கட்டுரையில் இரண்டு தவறுகள். பழைய படம் என்பதால் ஆட்கள் குடுகுடுவென்றுதான் ஓடுவார்கள் என்பது ஒன்று. எரியும் பாலத்தோடு ரயில் விழும் காட்சியைப் பொம்மை ரயில் வைத்து எடுத்தார்கள் என்பது மற்றொன்று.

முதலில் வேகம். அந்தக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். ஒரு சுற்றுக்கு எட்டு ஃபிரேம், அதாவது எட்டுத் தனிப் படங்கள், வினாடிக்கு இரண்டு சுற்று, ஆக 16 ஃபிரேம். 1920களில் இது மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே வந்தது. வினாடிக்கு 24 என்று நிலைத்தது பேசும்படம் வந்த பிறகுதான். ஆயிரம் அடிச் சுருளில் 16,000 ஃபிரேம் இருக்கும். அதை 16இல் ஓட்டினால் 16 நிமிடம் 40 வினாடி, 24இல் ஓட்டினால் 11 நிமிடச் சொச்சம். மெதுவாக எடுத்ததை வேகமாக ஓட்டியதால் வந்ததுதான் அந்தக் குடுகுடு ஓட்டம். சிரிப்புக்காகவே சில காட்சிகளை வேண்டுமென்று மெதுவாகச் சுற்றி எடுத்ததும் உண்டு, அது வேறு கணக்கு.

'தி ஜெனரல்' மௌனப் படத்தின் கடைசிக் காலத்துப் படம். நல்ல பிரதி 75 முதல் 80 நிமிடத்துக்குள் முடியும், அதில் கீட்டன் ஓடுவது மனிதன் ஓடுவது போலவே இருக்கும். அரை மணி நேரம் கூடுதலாக இழுக்கும் பிரதி என்றால் யாரோ வேகத்தைக் குறைத்திருக்கிறார்கள். அதைப் போட்டால் பிள்ளைகள் பாதியிலேயே எழுந்து போய்விடும்.

இனிப் பாலம். அது பொம்மை ரயில் அல்ல. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் காட்டேஜ் குரோவ் என்ற ஊரருகே, ரோ ஆற்றின் மேல் மரப்பாலம் கட்டி, தீ வைத்து, நிஜ நீராவி எஞ்சினையே அதன் மேல் ஓடவிட்டார்கள். நாள் 1926 ஜூலை 23. இரண்டாவது டேக் என்ற பேச்சுக்கே இடமில்லை. மௌனப் பட காலத்திலேயே அதிகச் செலவு பிடித்த ஒற்றைக் காட்சி என்று இதைச் சொல்வார்கள். விழுந்த எஞ்சின் ஆற்றிலேயே கிடந்து, இரண்டாம் உலகப் போர் சமயத்தில்தான் பழைய இரும்புக்குப் போனது.

1904இல் தொடங்கிய செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையையும் தென்மலைப் பக்கத்துப் பதின்மூன்று கண் பாலத்தையும் பார்த்து வளர்ந்த எங்கள் ஊர்க்காரர்கள் பாலக் காட்சியில் வாய் பிளப்பார்கள், சரி. ஆனால் கவனித்துப் பார்க்கவேண்டியது அதைவிடச் சின்னக் காட்சிகள் இரண்டு. காதலி முகம் திருப்பிக்கொண்டு போனபின் கீட்டன் எஞ்சினின் சைடு ராடில், அதாவது சக்கரங்களை இணைக்கும் இரும்புத் தண்டில், துவண்டுபோய் உட்கார்ந்திருப்பார். எஞ்சின் நகரும். தண்டு அவரைத் தூக்கும், இறக்கும், தூக்கும். ஷெட்டுக்குள் போகும்போதுதான் அவருக்கே தெரியும். லோகோ ஷெட்டில் வேலை பார்த்த எவரைக் கேட்டாலும் இதிலுள்ள ஆபத்தைச் சொல்வார். நின்ற எஞ்சினுக்கு நீராவியைத் திறந்துவிடும் ரெகுலேட்டரை ஒரு நூல் அதிகம் திறந்தால் சக்கரம் ஸ்லிப் ஆகி இடத்திலேயே சுழலும். தண்டும் கூடவே சுழலும். மேலே இருப்பவர் பிழைக்கமாட்டார்.

அடுத்தது ஸ்லீப்பர் கட்டை, அதாவது தண்டவாளத்தைத் தாங்கும் மரக்கட்டை. ஓடும் எஞ்சினின் முன்பக்கக் காவல் கம்பியில் கையில் ஒரு கட்டையை அணைத்தபடி அவர் உட்கார்ந்திருக்கிறார். எதிரே தண்டவாளத்தில் இன்னொரு கட்டை குறுக்கே கிடக்கிறது. கையிலுள்ளதை அதன் ஒரு முனையில் எறிகிறார், நெம்புகோல் போல இரண்டும் சேர்ந்து வெளியே தெறிக்கின்றன. குறி தப்பினால் எஞ்சின் தடம் புரளும். வெட்டு இல்லை, மாற்று ஆள் இல்லை.

திரையிடுகிறவர்கள் செய்யவேண்டியதைச் சொல்லிவிடுகிறோம். மௌனப் படத்தின் சட்டகம், அதாவது அகலமும் உயரமும், நாலுக்கு மூன்று. இன்றைய டிவியும் புரொஜெக்டரும் பதினாறுக்கு ஒன்பது. திரை முழுக்க நிரம்பவேண்டும் என்று இழுத்துவிட்டால் படத்தின் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். சோதிக்க அளவு டேப் வேண்டாம், எஞ்சின் பக்கவாட்டில் நிற்கும் காட்சியில் நிறுத்தி, பெரிய சக்கரத்தைப் பாருங்கள். முட்டை வடிவில் இருந்தால் செட்டிங்கை மாற்றுங்கள். இருபுறமும் கறுப்புப் பட்டை வருவதுதான் சரி. 'ஜூம்' போட்டு நிரப்புவது அதைவிட மோசம், மேலே புகைபோக்கியும் கீழே தண்டவாளமும் வெட்டுப்படும். இந்தப் படத்தில் பாதி நகைச்சுவை தண்டவாளத்தில்தான் இருக்கிறது. டிவியில் அசைவை வழவழப்பாக்கும் வசதி ஒன்று இருக்கும், அதை அணைத்துவிட வேண்டும்.

வேறு பழைய குறும்படங்கள் குடுகுடுவென்று ஓடினால் கணினியில் படம் ஓட்டும் விஎல்சி பிளேயரில் வேகத்தைக் குறைக்கலாம். 18 ஃபிரேமில் எடுத்து 24இல் ஓடுவதற்கு 0.75 வைத்தால் போதும். அப்போது கூட வரும் இசை இழுபடும், அதனால் ஒலியை நிறுத்திவிட்டு ஆர்மோனியமும் டோலக்கும் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு விழுகைக்கும் 'டம்' அடிக்கிற ஆர்வலர் ஊருக்கு ஒருவர் இருப்பார், அவரைக் கொஞ்சம் தடுத்து வைக்கவும். காட்சிகளுக்கு இடையே வரும் ஆங்கில எழுத்து அட்டைகளை ஒருவர் தமிழில் உரக்கப் படித்தால் போதும். புனலூர்ப் பக்கம் என்றால் மலையாளத்திலும் ஒரு வரி. அட்டைக்கு அட்டை விளக்கவுரை வேண்டாம்.

பெரிய பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். கதையின் மூலம் 1862 ஏப்ரலில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் நிஜமாக நடந்த எஞ்சின் கடத்தல். கடத்தியவர்கள் வடக்குப் படையின் ஆட்கள், அதில் ஒருவரான வில்லியம் பிட்டெஞ்சர் எழுதிய நூலைக் கீட்டனிடம் கொடுத்தவர் இணை இயக்குநர் கிளைட் பிரக்மன். படத்தில் நாயகன் தெற்குக்காரன். எதற்காக அந்தப் போர் நடந்தது, தெற்கு எதைக் காக்கப் போராடியது என்பது படத்தில் இல்லவே இல்லை. அடிமை முறையைப் பற்றி இரண்டு நிமிடம் பேசிவிட்டுப் படத்தைப் போடுவது நல்லது.

வெளிவந்தபோது படம் பெரிதாகப் போகவில்லை, விமர்சகர்களும் திட்டினார்கள். 1928இல் கீட்டன் தன் சொந்த அமைப்பை விட்டு எம்ஜிஎம் என்ற பெரிய ஸ்டுடியோவுக்குப் போனார், பழைய சுதந்திரம் திரும்பவில்லை. 1989இல் அமெரிக்கா தன் தேசியத் திரைப்படப் பதிவேட்டை முதன்முதலாகத் தொடங்கியபோது அந்த முதல் பட்டியலிலேயே இது இடம்பெற்றது.

காப்புரிமை பற்றி நூலகர்கள் பயப்படவேண்டாம். இந்தியச் சட்டப்படி திரைப்படத்துக்கு வெளிவந்ததிலிருந்து 60 ஆண்டுதான், இதற்கு எப்போதோ முடிந்துவிட்டது. புதிதாக இசை சேர்த்த பதிப்புகளில் அந்த இசைக்கு உரிமை தனியாக இருக்கும். டிக்கெட் போடுவதாக இருந்தால் அதை மட்டும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
திரைப்பட ஆர்வலர்கள் சிலர்,
செங்கோட்டை