மாத்திரை போட்டும் போகாத சோர்வு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய தைராய்டு ரிப்போர்ட்டைப் பார்த்தேன். தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ஏறும் டிஎஸ்எச் 3.1. எல்லாம் நார்மல் என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். உனக்கோ மத்தியானம் மூன்று மணிக்கு மேல் ஆபீசில் கண் சொருகுகிறது, தலை வாரினால் கொத்தாக முடி வருகிறது, எல்லாரும் சும்மா இருக்கும் ஏசியில் நீ மட்டும் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். நீ சொல்வது அத்தனையும் நிஜம் என்று நான் நம்புகிறேன். தைராய்டு மாத்திரை போட்டு, ரத்தத்தில் அளவு சரியான பிறகும் 100-ல் 5 முதல் 10 பேருக்கு இப்படித் தொந்தரவு நீடிக்கிறது. மருத்துவர்களே ஒப்புக்கொண்ட விஷயம்தான் இது.

ஆனால் "மாத்திரையை நிறுத்திப் பார்க்கட்டுமாப்பா" என்று கேட்டாயே, அதற்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன். உனக்கு இருப்பது ஹாஷிமோட்டோ. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டு சுரப்பியை மெல்ல மெல்ல அழிக்கிறது. சுரப்பி தராததை வெளியிலிருந்து கொடுத்துத்தான் ஆகவேண்டும். 1891-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மரே என்ற டாக்டர், இதே குறைபாடு முற்றிப்போன 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டுத் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டார். அந்த அம்மா அதற்கப்புறம் 28 வருஷம் வாழ்ந்தார். அதற்கு முன்னால் இந்த நோய்க்குச் சரியான வைத்தியமே கிடையாது. இன்றைக்குச் சின்ன பாட்டிலில், குறைந்த விலையில் கிடைப்பதால் அதன் அருமையைக் குறைத்து நினைக்காதே.

முதலில் மாத்திரையை எப்படிப் போடுகிறாய் என்று பார்ப்போம். நம் மருந்துக்கடைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதும் இதைத்தான். தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் அக்காமார் விடியுமுன்பே எழுந்து, மாத்திரையை வாயில் போட்ட கையோடு டீயையும் குடித்துவிட்டு அடுப்பைப் பற்றவைப்பார்கள். மருந்து முழுசாக உள்ளே போகாது, டோஸ் ஏறிக்கொண்டே போகும். நீயும் எழுந்ததும் பில்டர் காபி குடிக்கிறவள். காபி மருந்து உறிஞ்சப்படுவதைக் கெடுக்கும், பாலில் இருக்கும் கால்சியமும் கெடுக்கும். வெறும் தண்ணீரில் போட்டுவிட்டு ஒரு மணி நேரமாவது பொறுக்க வேண்டும். காலையில் அது முடியாதென்றால் டாக்டரிடம் கேட்டு ராத்திரிக்கு மாற்றிக்கொள்ளலாம், சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து. அந்த அக்காமாரில் சிலருக்கு அதுதான் ஒத்துவந்தது.

காலைச் சாப்பாட்டோடு கால்சியம் மாத்திரை போடுகிறாய் என்று அம்மா சொன்னாள். அதற்கும் இதற்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். இரும்புச் சத்து மாத்திரைக்கும் அப்படியே. கேஸ் தொல்லைக்கென்று தினம் போடும் பான்டாப்ரசோல் கூட வயிற்று அமிலத்தைக் குறைத்து இந்த மருந்து சேர்வதைக் குறைக்கும். அதைப் பழக்கமாகச் சாப்பிடுகிறாய் என்றால் டாக்டருக்குத் தெரிய வேண்டும். பாட்டிலைச் சமையலறையிலோ பாத்ரூமிலோ வைக்காதே, வெக்கையும் ஈரமும் இந்த மாத்திரைக்கு ஆகாது. கம்பெனியையும் அடிக்கடி மாற்றாதே. அதே மைக்ரோகிராம் என்று போட்டிருந்தாலும் சிலருக்கு டிஎஸ்எச் நகர்ந்துவிடுகிறது.

இன்னொன்று. முடி கொட்டுகிறதென்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறாயே, அது சில லேப் கருவிகளை ஏமாற்றி, டிஎஸ்எச்சை உண்மையைவிடக் குறைவாகவும் தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோனை அதிகமாகவும் காட்டிவிடும். உன் 3.1 நிஜமான 3.1 தானா என்பதே எனக்குச் சந்தேகம். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே அதை நிறுத்திவிட்டு, முன்பு கொடுத்த அதே லேபில், அதே காலை நேரத்தில் மறுபடி கொடு. அன்றைக்கு மட்டும் தைராய்டு மாத்திரையை ரத்தம் எடுத்த பிறகு போட்டுக்கொள்.

அதோடு சேர்த்து ஹீமோகுளோபின், உடம்பில் இரும்பு இருப்பைக் காட்டும் பெரிட்டின், வைட்டமின் பி12, வைட்டமின் டி இவற்றையும் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேள். எல்லாப் பழியையும் தைராய்டு மேலேயே போட்டுவிடக் கூடாது. உன் அம்மாவுக்கு நீ பிறந்த பிறகு தைராய்டு வந்தது. டோஸ் சரியாகியும் கால் மரத்துப்போவதும் மறதியும் போகவே இல்லை, கடைசியில் பி12 தான் குறைந்திருந்தது. ஹாஷிமோட்டோ இருப்பவர்களுக்கு அந்தக் குறை சேர்ந்து வருவது சகஜம். இதை அப்பாவாக இல்லாமல் மருந்துக்கடைக்காரனாகக் கேட்கிறேன், கூச்சப்படாதே: மாதவிலக்கு அதிகமாகப் போகிறதா? போகிறதென்றால் பெரிட்டின் கட்டாயம் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்பு இருப்பு காலியாகியிருக்கலாம், சோர்வும் முடி கொட்டுவதும் அதனாலேயே வரும். தூக்கம் எப்படி, மனசு எப்படி என்பதையும் மறைக்காமல் சொல்.

எதையும் அவசரமாக எடைபோடாதே. டோஸை மாற்றினால் ரத்தத்தில் அது நிலைப்படவே ஆறு வாரம் ஆகும், முடி திரும்ப வர இன்னும் சில மாதம். சோர்வு போகட்டுமென்று நீயாக ஒரு மாத்திரை கூடுதலாகப் போட்டுவிடாதே தாயி. அளவு மிஞ்சினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். இத்தனையும் சரிபார்த்த பிறகும் இப்படியே இருந்தால் ஹார்மோன் நிபுணரான என்டோகிரைனாலஜிஸ்டைப் பார். உன் மாத்திரையில் இருக்கும் டி4-ஓடு, இன்னொரு தைராய்டு ஹார்மோனான டி3-யும் கொஞ்சம் சேர்த்துச் சிலருக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். எல்லாருக்கும் பலன் தருவதாக ஆராய்ச்சிகளில் உறுதியாகவில்லை, ஆனாலும் கேட்கலாம்.

குழந்தை பெற்றுக்கொள்ள நினைத்தால் அதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடு. மாப்பிள்ளைக்கும் இது தெரிந்திருக்கட்டும். கர்ப்பம் உறுதியான உடனே டோஸைக் கூட்ட வேண்டியிருக்கும், முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அம்மாவின் ஹார்மோன்தான் ஆதாரம். டி3 சேர்ந்த மருந்து அந்தச் சமயத்தில் வேண்டாம்.

சனிக்கிழமை ரத்தம் கொடுத்துவிட்டு வா. ரிசல்ட் வந்ததும் வாட்ஸ்அப்பில் அனுப்பு. கடையில் கூட்டம் இருந்தாலும் போனை எடுப்பேன். டாக்டரிடம் கேட்க வேண்டியதை இரண்டு பேரும் சேர்ந்து எழுதி வைத்துக்கொள்வோம்.

அன்புடன்,
அப்பா
தாராவி, மும்பை