எங்கள் தையல் மகளிர் சங்கத்தின் ஆண்டறிக்கை, கிருஷ்ணகிரி, 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. மழையால் அக்டோபர் கூட்டம் மட்டும் ஒரு வாரம் தள்ளிப்போனது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இவ்வாண்டு நாம் செய்தவற்றில் என் மனதுக்கு நெருக்கமானது, வெட்டுத்துணியில் பொம்மைகளுக்கு உடை தைத்தது. கொலுவுக்கு முன் மரப்பாச்சிக்குப் புதுத்துணி உடுத்துவது நம் வீட்டுப் பழக்கம்தான். ஆனால் பிள்ளைகள் கொண்டுவந்தவை பெரும்பாலும் பார்பிகள். பதினொன்றரை அங்குலப் பொம்மையின் ரவிக்கைக் கை, நம் சுண்டுவிரலில்கூட முழுதாக நுழையாது. மிஷினில் வைத்ததும் துணியை ஊசித்துளை உள்ளே இழுத்துக்கொண்டது. அடியில் செய்தித்தாளை வைத்துத் தைத்து, பிறகு தாளைக் கிழித்தெடுக்கும் வழியை மூத்த உறுப்பினர் ஒருவர் காட்டினார். அன்று மாலைக்குள் ஆறு பாவாடைகள் முடிந்தன.

ஜனவரி கூட்டத்தில் இப்பொம்மைகளின் வரலாற்றைப் பேசினோம். 18ஆம் நூற்றாண்டில், பாரிஸின் புதிய உடைகளை அணிந்த 'பண்டோரா' பொம்மைகள் மற்ற நாடுகளுக்குப் போயின. அவற்றைப் பார்த்தே அங்குள்ள தையற்காரர்கள் துணி வெட்டினார்கள். 1945இல் துணித் தட்டுப்பாட்டின் நடுவே, பாரிஸ் உடை நிறுவனங்கள் ஏறத்தாழ 70 செ.மீ. கம்பிப் பொம்மைகளுக்கு உடுத்திக் கண்காட்சி வைத்தன. ஜெர்மனியின் லில்லி பொம்மையைப் பார்த்திருந்த, அமெரிக்காவின் மேட்டல் பொம்மை நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான ரூத் ஹேண்ட்லர், 1959 மார்ச் 9 அன்று நியூயார்க்கில் பார்பியை அறிமுகம் செய்தார். உடைகளை வடிவமைத்தவர் சார்லட் ஜான்சன்; தைத்தவர்கள் ஜப்பானில் வீட்டிலிருந்தே கூலிக்குத் தைத்த பெண்கள். இதைக் கேட்டதும் கூட்டத்தில் பேச்சு நின்றுவிட்டது. பீஸ் கணக்கில் கூலி வாங்கும் நம்மில் பலருக்கு அது சொந்தக் கதை.

1980இல் முதல் கறுப்பினப் பார்பியை உருவாக்கிய கிட்டி பிளாக் பெர்கின்ஸும் உடை வடிவமைப்பாளரே. ஆனால் அந்த இடுப்பளவு! நாள்தோறும் டேப் பிடிக்கும் நமக்குத் தெரியும், அப்படி ஓர் இடுப்பு யாருக்கும் இல்லை. உயரமான, குட்டையான, பூசினாற்போன்ற உடல்வாகுகள் 2016இல்தான் வந்தன. அது மிகத் தாமதம் என்றே நினைக்கிறேன். அதுவரை எத்தனை சிறுமிகள் தங்கள் உடலைக் குறையாக எண்ணியிருப்பார்கள்!

தைத்த உடைகளை அங்கன்வாடிக்குக் கொடுத்தோம். கொக்கி வைத்தவற்றைக் குழந்தைகளால் கழற்ற முடியவில்லை. எல்லாவற்றுக்கும் பிரஸ் பட்டன் மாற்றித் தர வேண்டியிருக்கிறது. அடுத்த மாங்கனிக் கண்காட்சியில் நமக்கு ஒரு மேசை கேட்டு விண்ணப்பிக்க இக்கூட்டத்தின் ஒப்புதலைக் கோருகிறேன். ஒப்புதல் கிடைத்தால், அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பட்டு, பருத்தி என்று பிரித்து வெட்டுத்துணி கொண்டுவர வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்