ஆன் ஆர்பரிலிருந்து

அன்புள்ள சங்கரா,

கடிதம் கிடைத்தது. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. ஆனால் அதற்குள் கோர்ட்டுக்குப் போய் நின்றாயாமே? உன்னைத் திருத்த முடியாது.

நான் இன்னும் மகள் வீட்டில்தான். தினமும் காலை நடை மிச்சிகன் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி வழியாகத்தான். 1911இல் இங்கே சட்டம் படித்து முடித்த பிராஞ்ச் ரிக்கி என்பவரைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். பேஸ்பால்காரர். உன்னைப் போலவே ஸ்டம்புக்குப் பின்னால்... சரி, அங்கே ஸ்டம்ப் ஏது? மட்டையாளருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கிற கேட்சர். அமெரிக்காவின் உச்சத் தொடரான பெரிய லீகில் ஆடியது மொத்தமே 120 ஆட்டம். அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காக ஞாயிற்றுக்கிழமை மைதானத்துப் பக்கமே போகமாட்டார்.

1907 ஜூனில் ஒரு நாள் நியூயார்க் அணிக்காகக் கைவலியோடு நின்றார். பந்து வீசுகிற நேரம் பார்த்து எதிரணிக்காரன் அடுத்த பேஸுக்கு, அதாவது ஓடிச் சேர வேண்டிய அடுத்த நிலைக்கு, ஓடுவான்; இதற்குப் பெயர் பேஸ் திருடுவது. கேட்சர்தான் எறிந்து அவனை மடக்க வேண்டும். எறியக் கை வந்தால்தானே? வாஷிங்டன்காரர்கள் அன்று 13 பேஸ் திருடினார்கள். படித்தபோது, பள்ளி மேட்சில் நீ விட்ட பைஸ்தான் கண்ணில் நின்றது. கோபித்துக்கொள்ளாதே.

அப்புறம் காசநோய். தேறியதும் சட்டப் படிப்பு. ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகரில் போர்டு மாட்டினார். கட்சிக்காரர் வந்தால்தானே! கோர்ட் ஒப்படைத்த ஒரு கைதியைப் பார்க்கப் போனால், அவன் திட்டித் துப்பி அனுப்பினானாம். மனிதர் மூட்டை கட்டிக்கொண்டு பேஸ்பாலுக்கே திரும்பிவிட்டார், இந்த முறை நிர்வாகத்துக்கு.

புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி நிர்வாகத்தின் தலைவராக இருந்தபோது 1945இல் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின ஆட்டக்காரரை ஒப்பந்தம் செய்தது இவர்தான். கறுப்பர்களுக்கு அறுபது வருஷமாகச் சாத்தியிருந்த பெரிய லீகின் கதவு 1947இல் திறந்தது. ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. ராபின்சன் அதுவரை ஆடிய கன்சாஸ் சிட்டி மொனார்க்ஸ் என்ற கறுப்பர் அணிக்கு ரிக்கி ஒரு காசு தரவில்லை. ராபின்சனோடு அந்த அணிக்குச் செல்லத்தக்க ஒப்பந்தம் இல்லை என்பது ரிக்கியின் வாதம். பாய்சியில் விலைபோகாத வக்கீல் புத்தி அங்கே வேலை செய்திருக்கிறது பார். பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. கறுப்பர் அணிகளிலிருந்து இப்படி ஒவ்வொருவராகப் போக, சில வருஷங்களில் அவர்களுடைய தனி லீகே படுத்துவிட்டது.

நீ மொனார்க்ஸுக்கு வக்கீலாக இருந்தால் கேஸ் போட்டிருப்பாயா? அடுத்த கடிதத்தில் எழுது. அதுவரை மாடிப்படி ஏறாதே.

உன்,
ராகவன்