மூக்கு வழி எண்டோஸ்கோப்பியையும் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கேமரா பொருத்திய குழாயைச் செலுத்தி இரைப்பையின் உட்புறத்தைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி என்றதும் குமட்டலை நினைத்தே பலர் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள். நோயை மிகத் தாமதமாக அறிந்துகொள்ள இந்த அச்சமே காரணமாகிவிடக் கூடாது என்ற கவலையில் இதை எழுதுகிறேன்.

வழக்கமாக வாய் வழியே செலுத்தப்படும் குழாய் ஏறத்தாழ 9 முதல் 10 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. மூக்கு வழியே செலுத்தப்படுவதோ 5 முதல் 6 மில்லிமீட்டர்தான். அது நாக்கின் அடிப்பகுதியை அழுத்தாமல் தொண்டைக்குள் இறங்குவதால் குமட்டல் வெகுவாகக் குறைகிறது. மூக்கினுள் மரத்துப்போகும் மருந்தும் வீக்கத்தைக் குறைக்கும் மருந்தும் இட்டாலே பெரும்பாலும் போதும் என்பதால், நோயாளி விழித்திருந்து மருத்துவரிடம் பேசவும் முடிகிறது. மயக்க மருந்தால் மூச்சுக்கும் இதயத்துக்கும் நேரக்கூடிய தொல்லைகளை அஞ்ச வேண்டிய முதியோருக்கு இது சிறிய நன்மையன்று.

குறைகளையும் மறைக்கலாகாது. மூக்குத் துவாரம் குறுகியவர்களுக்குக் குழாய் நுழையாமல் போகலாம். சிலருக்கு மூக்கில் இரத்தம் கசியும், ஆகவே இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். மெல்லிய குழாயில் உறிஞ்சும் திறன் குறைவு. ஆய்வுக்காக எடுக்கப்படும் திசுத் துண்டும் சிறியது. இரத்தப்போக்கை நிறுத்துவது போன்ற சிகிச்சைக்கு வாய் வழிக் குழாயே ஏற்றது.

ஆனால் நோயைக் கண்டறிய மட்டுமே செய்யப்படும் பரிசோதனையில், வசதியுள்ள மருத்துவமனைகள் இரு வழிகளையும் நோயாளியிடம் விளக்கி, அவர் விருப்பத்தைக் கேட்ட பின்னரே ஒப்புதல் படிவத்தை நீட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்