ஏலகிரி வளைவுகளில் கைபேசி வேண்டாம்

ஐயா,

விடுமுறையில் வேலூரிலிருந்து ஏலகிரிக்குக் காரில் போகும் பெற்றோர், பிள்ளைகள் கையில் கைபேசியைக் கொடுத்துவிடுகிறார்கள். மலைப்பாதையில் வாந்தி வர அதுவே போதும். கண் அசையாத திரையைப் பார்க்கிறது, உள்காதோ திருப்பத்தை உணர்கிறது. இந்த முரணில்தான் குமட்டல். அடிவாரத்திலேயே திரையை அணைத்து, கண்ணாடியைச் சற்று இறக்குங்கள். அங்குள்ள 14 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் சூட்டியிருக்கிறார்கள். பலகையை முதலில் பார்த்து உரக்கப் படிப்பவருக்கு ஒரு மதிப்பெண் கொடுங்கள். பார்வை தூரத்தில் இருப்பதால் தலை சுற்றுவது குறையும். சின்னஞ்சிறுசுகள் வளைவை எண்ணட்டும்.

ஆம்பூர் வரையிலான நேர்ச்சாலைக்கு, ஒரு சொல் முடியும் எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்கும் சொற்சங்கிலி ஆட்டம் நல்லது. ஆனால் 'மரம்' என்றதும் ஆட்டம் நின்றுவிடும், தமிழ்ச்சொல் மெய்யெழுத்தில் தொடங்காதே! 'ம்' வந்தால் 'ம' வரிசை, 'ன்' வந்தால் 'ந' வரிசை என்று புறப்படும்போதே பேசிவையுங்கள்.

– வாசகர், காட்பாடி