நானூறு பீச் மரங்களும் பெயரில்லாத ஒரு மனைவியும்

அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் குடும்ப வரலாறு தொகுக்கும் சங்கங்களுக்கு,

வணக்கம். உங்கள் ஊர் விவசாயக் குடும்பங்களின் கொடிவழிகளை ஆசையோடு படிக்கிறவன் நான். பல வருடமாகப் படித்ததில் மனதில் தங்கிவிட்ட குறை ஒன்று உண்டு. முதலில் வந்து நிலம் பிடித்த பெரியவரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். அவர் மனைவிக்கு ஒரு வரி. அந்த நிலத்தில் அதற்கு முன் இருந்தவர்களுக்கு அதுவும் இல்லை.

டேனியல் ஃப்ரீமனை எடுத்துக்கொள்கிறேன். 1826-ல் ஒஹாயோவில் பிறந்தவர். குடியேறிப் பயிர் செய்கிறவர்களுக்கு அரசு நிலத்தைக் கொடுத்த ஹோம்ஸ்டெட் சட்டம் அமலுக்கு வந்த 1863 ஜனவரி 1 அன்றே நெப்ராஸ்காவின் பிரௌன்வில் நில அலுவலகத்தில் மனுப் போட்டவர். புத்தாண்டு இரவில் எழுத்தரைக் கெஞ்சி, நடுநிசி தாண்டியதும் அலுவலகத்தைத் திறக்க வைத்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். எல்லாரும் இந்தக் கதையோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கோ அதைவிட ஐந்து வருடம் கழித்து அவருக்காக அக்கம்பக்கத்தார் இருவர் கொடுத்த சாட்சிப் பத்திரம்தான் பெரிதாகப் படுகிறது.

அந்தச் சட்டப்படி 160 ஏக்கருக்குப் பட்டா வாங்க ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து பயிர் செய்ய வேண்டும், அதைப் பார்த்த இருவர் சத்தியம் செய்ய வேண்டும். ஃப்ரீமனின் சாட்சிகள் 1868-ல் சொன்னதைப் பாருங்கள். பாதி முழு மரக்கட்டைகளும் பாதி பலகைச் சட்டமுமாகக் கட்டிய, 14-க்கு 20 அடி ஒற்றைத்தள வீடு. கதவு இரண்டு, ஜன்னல் இரண்டு. தரைக்குப் பலகை. உழுது வேலி போட்ட நிலம் 35 ஏக்கர் போல. ஒரு குதிரைக் கொட்டகை, நூறடி நீள ஆட்டுக் கொட்டகை, சோளக் குதிர். 40 ஆப்பிள் மரம், சுமார் 400 பீச் மரம். வசிக்க வசதியான வீடு என்றும் சொல்லியிருக்கிறார்கள். வாசிக்கும்போது அந்தக் கொல்லைக்குள்ளேயே நடந்து போவது போல இருக்கிறது.

அதே பத்திரம் அவரை "மனைவி, இரண்டு பிள்ளைகள் கொண்ட குடும்பத்தின் தலைவர்" என்கிறது. அந்த மனைவிக்குப் பெயர் இல்லை. ஆக்னஸ் சூட்டர் என்ற அந்தப் பெண் அயோவாக்காரி. டேனியலின் தம்பிக்கு நிச்சயம் செய்யப்பட்டவர். தம்பி உள்நாட்டுப் போரில் இறந்துபோக, அண்ணனுக்கும் அவருக்கும் கடிதப் போக்குவரத்து தொடங்கி, 1865-ல் கல்யாணத்தில் முடிந்தது. 14-க்கு 20 அடியில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தியவரின் பெயரை விட்டால் அது என்ன குடும்ப வரலாறு?

அப்புறம் நிலம். அந்தப் பகுதி ஓட்டோ-மிசௌரியா என்ற பூர்வகுடி மக்களுடையது. அமெரிக்க அரசோடு செய்த 1854 ஒப்பந்தத்தில் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டு பிக் புளூ ஆற்றோரத்தில் ஒதுக்கிய இடத்துக்கு ஒடுங்கினார்கள். ஃப்ரீமனின் பண்ணைக்குத் தெற்கே, அதே மாவட்டத்தில். 1881-ல் அங்கிருந்தும் ஓக்லஹோமாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அதாவது பட்டா வாங்கிப் பல வருடம் வரை அவர்கள் இவருக்கு அக்கம்பக்கத்தார்தான். "ஆளில்லாத புல்வெளி" என்று எழுதும் முன் இதை நினைத்துப் பாருங்கள்.

இப்படிச் சொல்வதால் பெரியவரின் மதிப்பு குறையும் என்று பயப்பட வேண்டாம். எழுபது வயதுக்கு மேல், பக்கத்துப் பள்ளியில் ஆசிரியை பைபிள் வாசித்து ஜெபம் நடத்துவதை எதிர்த்து வழக்குப் போட்டவர் அவர். 1902-ல் நெப்ராஸ்கா உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நாட்டின் உச்ச நீதிமன்றம் அதே முடிவுக்கு வர 1963 ஆனது. நடுநிசிக் கதையில் இந்தப் பிடிவாதக்காரர் எங்கே தெரிகிறார்?

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். உங்கள் பூட்டனாரின் பட்டா கோப்பை வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து வரவழையுங்கள். கொடிவழியில் மனைவியின் அப்பா, அம்மா, பிறந்த ஊருக்கும் கணவருக்குக் கொடுத்த அதே அளவு இடம் விடுங்கள். முதல் பக்கத்தில், பட்டா எண்ணுக்கு மேலே, அந்த மண் எந்த மக்களிடமிருந்து எந்த வருடம் கைமாறியது என்று எழுதுங்கள். உங்களில் ஒருவர் இதைச் செய்தாலும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாசகன்