சிஎஃப்டிஆர் (செல் சவ்வில் குளோரைடைக் கடத்தும் சேனல் புரதம்) மின்னோட்டத்தைப் பதிவு செய்பவர்கள் கவனத்துக்கு

வணக்கம். பேட்ச் கிளாம்ப்பில் (கண்ணாடிப் பிப்பெட்டைச் செல்லில் ஒட்டி மின்னோட்டம் அளக்கும் முறை) பிப்பெட்டுக்கும் சவ்வுக்கும் இடையிலான ஒட்டல், அதாவது சீல், 1 கிகா ஓமைத் தாண்டாவிட்டால் பதிவைத் தொடர வேண்டாம். சிஎஃப்டிஆரின் குளோரைடு மின்னோட்டம் நேரத்தோடு மாறாது. சவ்வின் இருபுறமும் குளோரைடு சமமாக இருந்தால், மின்னழுத்தத்துக்கு எதிரான வரைபடம் நேர்கோடாகவே வரும். மோசமான சீல் வழியாக வரும் கசிவு மின்னோட்டமும் அப்படியே தெரியும். பார்வைக்கு இரண்டையும் பிரிக்க முடியாது. அதனால் சிஎஃப்டிஆரைத் தூண்டும் ஃபோர்ஸ்கோலின் 10 மைக்ரோமோலார் கொடுத்து மின்னோட்டம் ஏறுகிறதா பாருங்கள். பிறகு அதைத் தடுக்கும் சிஎஃப்டிஆர்-இன்ஹ்-172 கொடுத்ததும் இறங்க வேண்டும். இறங்காத பங்கைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பிப்பெட்டின் மின்தடை 2 முதல் 5 மெகா ஓம். அதன் உள்கரைசலை 0.2 மைக்ரான் வடிகட்டியில் விட்டே நிரப்புங்கள். செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி இல்லாமல் சேனல் திறக்காது, ஆகவே அதை உள்கரைசலில் அன்றன்றைக்குச் சேர்த்து பனிக்கட்டியில் வையுங்கள். வெளிக்கரைசலில் குளோரைடைக் குறைக்கும்போது தரை மின்வாய்க்கு அகார் பாலம் (உப்புக்கரைசல் கலந்த அகார் நிரப்பிய குழாய்) கட்டாயம். இல்லாவிட்டால் மின்னழுத்தம் நகர்ந்து, திரும்பு மின்னழுத்தம் (மின்னோட்டம் திசை மாறும் மின்னழுத்தம்) தவறாக வரும்.

எஃப்508டெல் என்ற சிஎஃப்டிஆர் மரபணு மாற்றமுள்ள செல்களில் மின்னோட்டம் இல்லையென்று உடனே முடிவு கட்டாதீர்கள். 508-ஆம் இடத்து ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலம் இல்லாததால் புரதம் சரியாக மடியாமல், சவ்வை எட்டுமுன் பெரும்பாலும் அழிக்கப்படுகிறது. 27 டிகிரியில் ஒரு நாள் வைத்த செல்களையும் சேர்த்துப் பதியுங்கள். ஓரளவு புரதம் சவ்வுக்கு வந்துசேரும்.